பயிற்சி ஆலோசகர்களைச் சிந்திக்கப் பழக்குவது எப்படி? நான் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள்

செஞ்சைச் சாளரம் (காரைக்குடி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் பதினாறு ஆண்டுகளாக உளவள ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். சென்ற ஆண்டு முதல், முதுகலை முடித்த மூவர் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். இருவர் உளவியல் படித்தவர்கள், ஒருவர் சமூகப்பணி. வாரத்தில் மூன்று நாள் அவர்கள் ஆலோசனைக்கு வருபவர்களைத் தனியே பார்க்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்து அந்த வாரத்து அமர்வுகளைப் பற்றிப் பேசுகிறோம். ‘கவுன்சலிங்’ என்று பலகை மாட்டிய முதல் ஆண்டில், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு பொறியியல் கலந்தாய்வுக்கு வழி கேட்டு வந்தவர்கள்தான் அதிகம்; அந்த நிலையிலிருந்து பிறருக்குப் பயிற்சி கொடுக்கும் நிலைக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சிதான். ஆனால் கற்றுக்கொடுப்பதில் எங்கோ தவறுகிறேன் என்று சில மாதங்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஒரு நிகழ்வைச் சொன்னால் விளங்கும். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். அறுபதைக் கடந்த ஒருவர், மனைவியை இழந்தவர், தூக்கம் இல்லை என்று வந்தார். ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது பங்காளிக் குடும்பங்களுக்குப் பாத்தியப்பட்ட வீட்டில் கடைசியாகக் குடியிருந்தவர் அவர்தான். பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வீட்டை விலைக்குக் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் முடிவு செய்ய, இவர் ஓராண்டு மறுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தூண்களும் நிலைக்கதவும் கழற்றப்பட்டு வண்டியில் ஏறிய நாளில் அங்கேயே நின்றிருக்கிறார். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளின் பக்கம் போவதையே அதற்குப் பிறகு விட்டுவிட்டார்.

அவரைப் பார்த்த பயிற்சிப் பெண் சுறுசுறுப்பானவர், நன்றாகப் படித்தவர். அவருடைய ரிப்போர்ட்டில், “தூக்கமின்மை, பசியின்மை, சொத்துத் தகராறு காரணமான மனச்சோர்வு, மூச்சுப்பயிற்சி கற்றுக்கொடுக்கப்பட்டது” என்று இருந்தது. “இது தகராறு இல்லையம்மா, அவர் ஒரு வீட்டையே பறிகொடுத்திருக்கிறார். அந்த வீட்டில் அவருக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டுப் பார்” என்றேன். அடுத்த வாரம் அதே சொற்களில், அதே வரிசையில் கேட்டிருக்கிறார். பெரியவர் “பட்டாலை” என்றிருக்கிறார்; எங்கள் பக்கத்து வீடுகளின் கூடப் பகுதி அது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை ஆகையால், இந்தப் பெண் உடனே தூக்கத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார். பெரியவர் சிரித்துக்கொண்டே, “முந்தின கேள்வி நீயாக் கேட்டது மாதிரி இல்லையே ஆத்தா, யாரு சொல்லிக் கொடுத்தா?” என்று கேட்டாராம்.

இதை அந்தப் பெண்ணே என்னிடம் சொல்லி அழுதார். அவர் மீது தவறில்லை. நான் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தேனே ஒழிய, அந்த வாக்கியம் எனக்கு எப்படித் தோன்றியது என்பதைக் கொடுக்கவில்லை. சரி, இனிமேல் விடை சொல்லக்கூடாது என்று முடிவு செய்து, “நீ என்ன நினைக்கிறாய்?” என்று திருப்பிக் கேட்கத் தொடங்கினேன். மூவரும் வாயடைத்துப் போகிறார்கள். தேர்வு வைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். சொன்னால் கிளிப்பிள்ளை, சொல்லாவிட்டால் ஊமை என்ற நிலையில் சனிக்கிழமைகள் கழிகின்றன. பயிற்சி கொடுத்து அனுபவம் உள்ளவர்கள் இதை எப்படிக் கையாள்கிறீர்கள்? நுட்பங்களை, அதாவது கேட்டதைத் திருப்பிச் சொல்வது, உணர்வுக்குப் பெயரிடுவது, திறந்த கேள்வி கேட்பது போன்றவற்றைக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிகிறது. அந்த நுட்பத்தை எப்போது, எதற்காக எடுப்பது என்ற யோசனையைத்தான் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று தெரியவில்லை.

தேவகோட்டை ரஸ்தா எழுதியது:

வணக்கம் அம்மா. ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருபது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாகத்தான் போகும்.

உங்கள் பதிவில் ‘ரிப்போர்ட்’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். நீங்கள் அந்தப் பெண்ணின் அமர்வை மேற்பார்வை செய்யவில்லை; அவர் எழுதிய ரிப்போர்ட்டை மேற்பார்வை செய்திருக்கிறீர்கள். ரிப்போர்ட் என்பது ஏற்கெனவே சிந்தித்து முடித்த பண்டம். சொத்துத் தகராறு என்று அவர் எழுதிய அந்த நொடியிலேயே பெரியவர் பேசிய அத்தனையும் மூட்டை கட்டப்பட்டுவிட்டது. கட்டிய மூட்டையைத்தான் நீங்கள் சனிக்கிழமை பிரிக்கப் பார்க்கிறீர்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது கணக்குப் பெட்டியருகே உட்கார்ந்து தொழில் பழகும் சிறுவனாகப் போய்ச் சேர்ந்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக இருந்தவர். பெட்டியடியில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே தொழில் கற்றேன் என்பார். அந்த முறை நமக்கு முழுதாகப் பொருந்தாது. கடையில் பையன் தப்பாகக் கணக்கெழுதினால் அன்று சாயங்காலமே பேரேட்டில் தெரிந்துவிடும். ஆலோசனை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பதற்குப் பேரேடு கிடையாது. அதை முதலில் உண்டாக்க வேண்டும்.

ஒலிப்பதிவு இருந்தால் நல்லது. நம் ஊரில் போனை மேசையில் வைத்தாலே பேச்சு நின்றுவிடும் என்பதும், எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் பதிவு செய்யக்கூடாது என்பதும் நீங்கள் அறிந்தவையே. பதிவு இல்லாத இடத்தில் ‘வெர்பேட்டிம்’ எழுதச் சொல்லுங்கள். அமர்வு முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு பத்து நிமிடப் பேச்சை மட்டும் நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்: முதல் பத்தியில் அவர் சொன்னது, இரண்டாவதில் நான் சொன்னது, மூன்றாவதில் அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது. மூன்றாம் பத்திதான் உயிர். “பயமாக இருந்தது”, “என் தாத்தா நினைவு வந்தது”, “மணி பார்த்தேன்” என்று எது ஓடியதோ அதை எழுதச் சொல்லுங்கள். அந்தப் பத்திக்கு மதிப்பெண் இல்லை, அதை வைத்துத் திட்டமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடியும் நடந்துகொள்ளுங்கள்.

இதற்கு மூலம் என்று பார்த்தால், 1960களில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நார்மன் கேகன் என்பவர் தம் சகாக்களோடு உருவாக்கிய ஒரு முறையைச் சொல்லலாம். பயிற்சி பெறுபவர் தம் அமர்வின் பதிவைத் தாமே ஓடவிட்டு, தாமே நிறுத்துவார். உடனிருப்பவர் விளக்கமும் கொடுக்கமாட்டார், திருத்தமும் சொல்லமாட்டார். “அப்போது என்ன நினைத்தீர்கள்? அவர் உங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று தோன்றியது? சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது உண்டா?” என்று மட்டும் கேட்பார். இதன் அடிப்படை எளியது. அமர்வு நடக்கும்போது மனத்தில் ஓடுவது ஏராளம். எல்லாவற்றையும் அப்போதே பிடித்து வைக்க முடியாது. நிதானமாகத் திரும்பிப் பார்க்க இடம் கிடைத்தால் அதில் பெரும்பகுதி மேலே வரும். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று நீங்கள் கேட்டபோது அவர்கள் ஊமையானது இதனால்தான் என்று எண்ணுகிறேன். அந்தக் கேள்விக்குப் பிடிமானம் இல்லை. “அவர் பட்டாலை என்று சொன்னாரே, அந்தச் சொல் காதில் விழுந்தபோது உனக்குள் என்ன ஓடியது?” என்று கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும்.

இரண்டாவது, ஜேனைன் பெர்னார்ட் 1979இல் முன்வைத்த ஒரு வகைப்பாட்டு முறை உங்களுக்குப் பயன்படும். மேற்பார்வையாளருக்கு மூன்று வேடங்கள்: ஆசிரியர், ஆலோசகர், சம நிலையில் இருந்து சேர்ந்து யோசிப்பவர். கவனிக்க வேண்டியவையும் மூன்று: அமர்வில் என்ன செய்தார், வந்தவரை எப்படிப் புரிந்துகொண்டார், தம்மை எப்படி அதில் கொண்டு வந்தார். பெருக்கினால் ஒன்பது நிலைகள். நீங்கள் நின்றது ஒரே கட்டத்தில்தான்: ஆசிரியராக இருந்து, அடுத்து என்ன செய்வது என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அந்தப் பெண்ணுக்குத் தடுமாற்றம் இருந்ததோ புரிந்துகொள்வதில், இன்னும் சொன்னால் தம்மைக் கொண்டு வருவதில். வயிற்று வலிக்குத் தலையில் தைலம் தேய்த்த கதைதான். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் பல ஆண்டு தைலம் தேய்த்தவன்.

கடைசியாக ஒன்று. பெரியவர் “தூக்கம் வரவில்லை, என்ன செய்யட்டும்?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்கிறார், அவர் மூச்சுப்பயிற்சி கொடுக்கிறார். அந்தப் பெண் உங்களிடம் “என்ன கேட்கட்டும்?” என்கிறார்; நீங்கள் ஒரு கேள்வியைக் கொடுக்கிறீர்கள். இப்போது நீங்கள் எங்களிடம் “என்ன செய்யட்டும்?” என்று கேட்க, நான் மூன்று பத்தி போடச் சொல்கிறேன். அறைக்குள் நடப்பது மேற்பார்வையிலும் அப்படியே நடப்பதை ஹரால்ட் சியர்ல்ஸ் 1955லேயே கவனித்து எழுதியிருக்கிறார். இழப்பின் முன்னால் சும்மா இருக்க முடியாமல் எதையாவது கையில் கொடுத்து அனுப்பும் அவசரம் நம் மூவருக்குமே இருக்கிறது. இதை அந்தப் பெண்ணிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பாருங்கள். தாம் மட்டும் தவறு செய்யவில்லை என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

இரண்டாம் கட்டு (பள்ளத்தூர்) எழுதியது:

ஆச்சி, எனக்கு இது மூன்றாவது ஆண்டு. ஆகவே பயிற்சி கொடுப்பவராக எழுத எனக்குத் தகுதி இல்லை; அண்மை வரை அந்தப் பெண்ணின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் என் அமர்வுகளில் எப்போதும் மூன்று பேர் இருந்தார்கள்: வந்தவர், நான், அறையில் இல்லாத என் மேற்பார்வையாளர். வந்தவர் பேசப் பேச, “இதைச் சொன்னால் மேடம் என்ன கேட்பார்கள்?” என்றுதான் மனம் ஓடும். மருந்து சாப்பிடுகிறாரா, எத்தனை மணிக்கு எழுகிறார், குடிப்பழக்கம் உண்டா என்று விடைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். ஒரு தாய் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் மகனின் வயதைக் குறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்னை மாற்றியது ஒரே ஒரு சனிக்கிழமை. என் மேற்பார்வையாளர் தாம் சொதப்பிய ஓர் அமர்வின் வெர்பேட்டிமைக் கொண்டுவந்து எங்களிடம் கொடுத்து, “இதில் நான் எங்கே தவறவிட்டேன் என்று தேடுங்கள்” என்றார். தேடினோம். ஏழு இடங்கள் கிடைத்தன. அவர் இரண்டைத்தான் கவனித்திருந்தார். அதற்கு அடுத்த வாரம் நான் முதன்முறையாக என் மூன்றாம் பத்தியில் உண்மையை எழுதினேன். சான்றிதழில் கையெழுத்துப் போடுபவரிடம் மனத்தில் உள்ளதைச் சொல்வது எளிதல்ல, ஆச்சி. நீங்கள் எவ்வளவு கனிவாக இருந்தாலும் அந்தப் பேனா உங்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இது நம் ஊருக்கே உரியது. என்னிடம் வந்த ஓர் அப்பத்தா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, “நீ யாரு வீட்டுப் பிள்ளை? எந்தக் கோவில்?” என்பது. எந்தக் குலக்கோவிலைச் சேர்ந்தவள் என்று கேட்கிறார். ஆலோசகர் தம்மைப் பற்றிப் பேசக்கூடாது என்று படித்திருந்ததால், “நாம உங்களைப் பத்திப் பேசலாமே” என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது. அதன் பிறகு கேட்டதற்கெல்லாம் “நல்லா இருக்கேன்” என்ற பதில்தான். மேற்பார்வையில் இதைச் சொன்னபோது, கோவிலைச் சொல்லியிருக்க வேண்டும் என்றோ கூடாது என்றோ என் மேற்பார்வையாளர் சொல்லவில்லை. “அந்த அப்பத்தா அந்தக் கேள்வியால் எதைத் தெரிந்துகொள்ளப் பார்த்தார்?” என்று கேட்டார். நாங்கள் மூன்று விடை கண்டோம். உறவு பிடிப்பதற்காகக் கேட்டிருக்கலாம், அது நம்பிக்கை. நான் சொல்வது தம் பங்காளி வீட்டுக்குப் போய்ச் சேருமா என்று அறியக் கேட்டிருக்கலாம், அது பயம். எல்லோரிடமும் கேட்பதைப் போல வெறும் மரியாதைக்காகவும் கேட்டிருக்கலாம். மூன்றுக்கும் நான் சொல்ல வேண்டிய பதில் வேறு வேறு. அதுவரை நான் எந்த நுட்பத்தைப் பயன்படுத்துவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருப்பவர் எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று யோசித்தது அன்றுதான்.

இப்போதும் அதைச் செய்கிறேன். ஒவ்வொரு புதியவருக்கும் மூன்று விளக்கங்கள் எழுதுவேன். ஒவ்வொன்றுக்கும் அவர் வாய்ச் சொல்லிலிருந்து ஓர் ஆதாரம், அந்த விளக்கம் தவறென்று எது காட்டும் என்பதற்கு ஒரு வரி. மூன்றாவது விளக்கம் வரும்வரை எழுந்திருக்கக்கூடாது என்பது என் மேற்பார்வையாளர் போட்ட கட்டளை. முதல் விளக்கம் பாடத்திலிருந்து வரும், இரண்டாவது என் சொந்த அனுபவத்திலிருந்து வரும், மூன்றாவதற்குத்தான் வந்தவரை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சீமைக் கருவேலம் (சிவகங்கை) எழுதியது:

மேலே எழுதியவர்களின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் மருத்துவமனை ஒன்றில் சமூகப்பணியாளராக இருக்கும் எனக்கு இந்த உரையாடல் போகும் திசை சற்றுக் கவலை தருகிறது.

முதலாவதாக, விடை சொல்லிக்கொடுப்பதே குற்றம் என்பது போல ஆகிவிடக்கூடாது. ஆலோசகர் வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்த கால் ஸ்டோல்டன்பெர்க் 1981இலும், பிறகு உர்சுலா டெல்வொர்த்துடன் சேர்ந்து 1987இலும் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். முதல் படியில் இருப்பவருக்கு ஆர்வமும் பதற்றமும் ஒருசேர அதிகம், கவனம் தம் மீதே இருக்கும். அவருக்குத் தெளிவான வழிகாட்டலும் கட்டமைப்பும் வேண்டும். இரண்டாம் படியில்தான் சார்ந்திருப்பதற்கும் தனித்து நிற்பதற்கும் இடையே இழுபறி வரும். முதல் படிக்காரரிடம் இரண்டாம் படிக்குரிய சுதந்திரத்தைக் கொடுத்தால் அது கைவிடப்பட்டதாகத்தான் அவருக்குத் தோன்றும். “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேட்டதும் அவர்கள் வாயடைத்துப் போனதில் வியப்பில்லை. சொல்லிக்கொடுங்கள், கூடவே நீங்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தீர்கள் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். “அவர் கையெழுத்துப் போட்ட பிறகும் அங்கே போய் நின்றார் என்று படித்தேன், ஏன் நின்றார் என்று தோன்றியது, அதனால் வீட்டைப் பற்றிக் கேட்க நினைத்தேன்” என்று உங்கள் யோசனையின் தடத்தைக் காட்டினால் அவர்கள் தடத்தைக் கற்பார்கள். வாக்கியத்தை மட்டும் கொடுத்தால் வாக்கியத்தைக் கற்பார்கள்.

இரண்டாவது இன்னும் அவசரமானது. அறுபதைக் கடந்தவர், மனைவியை இழந்தவர், தனியே இருப்பவர், வீட்டைப் பறிகொடுத்தவர், தூக்கமில்லை, பசியில்லை. உங்கள் பதிவையும் இரண்டு பதில்களையும் இரண்டு முறை படித்துவிட்டேன். உயிரை விடும் எண்ணம் உண்டா என்று அவரிடம் யாராவது கேட்டார்களா? எங்குமே இல்லை. மூன்றாம் பத்தியும் மூன்று விளக்கமும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் பயிற்சி பெறுபவரிடம் கேள்வியைத் திருப்பிப் போடக்கூடாது. எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்து, நம் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பழகச் செய்ய வேண்டும். கேட்டால் எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்ற பயம் புதியவர் எல்லோருக்கும் உண்டு. அது தவறான பயம் என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெளிவாகியிருக்கிறது. “இவ்வளவு கஷ்டத்தில் சிலருக்கு வாழவே வேண்டாம் என்று தோன்றும். உங்களுக்கு அப்படித் தோன்றியதுண்டா?” என்று நேராகக் கேட்க வேண்டும். ஆம் என்றால், எப்படி என்று யோசித்தாரா, பூச்சிமருந்து போன்றவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா, இரவில் யார் உடன் இருக்கிறார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். மனநல மருத்துவரிடம் அனுப்புவது, உடல் நோய் ஏதும் காரணமா என்று பார்க்கச் சொல்வது ஆகியவையும் இதில் அடங்கும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. அதை எழுதி அவர் கையில் கொடுத்து அனுப்பலாம்.

இதே போல, குழந்தை மீதான பாலியல் வன்முறை பற்றி அமர்வில் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. இரகசியம் காப்போம் என்று முதல் அமர்வில் சொல்லும்போதே இந்த விலக்குகளையும் சொல்ல வேண்டும் என்பதைப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லித் தந்துவிட வேண்டும். இதையெல்லாம் பயிற்சி பெறுபவர் தாமே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதற்கில்லை.

செஞ்சைச் சாளரம் எழுதியது:

சீமைக் கருவேலம் அவர்களுக்கு: நீங்கள் கேட்டதைப் படித்தவுடன் அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். கேட்கவில்லை என்றார். நானும் இரண்டு சனிக்கிழமை அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்கவில்லை. வீடு, தூண், கதவு என்று கதையில் கரைந்துவிட்டேன். நாளை காலை பெரியவரை வரச் சொல்லியிருக்கிறோம். நானும் உடன் இருப்பேன். மற்றவர்களுக்குப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

செஞ்சைச் சாளரம் எழுதியது (ஆறு வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும்.

முதலில் பெரியவரைப் பற்றி. முதல் நாள் இரவே அந்தப் பெண்ணுடன் அந்தக் கேள்வியைப் பத்துத் தடவை சொல்லிப் பழகினோம். முதல் நான்கு தடவை ‘வாழவே வேண்டாம்’ என்ற சொற்கள் வரும்போது குரல் உள்ளே போய்விட்டது. மறுநாள் அந்தப் பெண்ணே கேட்டார். பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இரண்டு முறை அப்படித் தோன்றியது, எதுவும் செய்யத் துணியவில்லை என்றார். இப்போது அக்கா மகன் இரவில் வந்து உடன் படுத்துக்கொள்கிறார். மனநல மருத்துவரையும் பார்த்து மருந்து எடுத்துக்கொள்கிறார். பசி வந்துவிட்டது, தூக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கடந்த வாரம் இந்தப் பதிவுக்கு மறுபடியும் அனுமதி கேட்டபோது, “எழுதுங்க ஆச்சி, வீட்டு விலாசத்தை மட்டும் போட்டுடாதீங்க, இல்லாத வீட்டைத் தேடி வந்துருவாக” என்றார்.

தேவகோட்டை ஐயா சொன்ன மூன்று பத்தி முறையை அந்த வாரமே தொடங்கினோம். அந்தப் பெண் முதலில் எழுதியது, பெரியவருடன் முன்பு நடந்த இரண்டாவது அமர்வை. நாள் கடந்துவிட்டதால் முழுதும் நினைவில் இல்லை. ஓர் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தார். அதை இங்கே தருகிறேன்.

அவர்: “கதவையெல்லாம் கழட்டிட்டாக. சாவி மட்டும் எங்கிட்டதான் இருக்கு.”
நான்: “ராத்திரி எத்தனை மணிக்குத் தூக்கம் வருது?”
எனக்குள்: “கதவே இல்லாமல் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று நினைத்தேன். கேட்டால் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.”

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. பிடித்த இடம் எது என்று நான் கொடுத்தனுப்பிய கேள்வியைவிட நூறு மடங்கு நல்ல கேள்வி அந்தப் பெண்ணின் மனத்தில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் அதற்கு இடமில்லை, சனிக்கிழமையிலும் அதற்கு இடமில்லை. அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு என் வாக்கியத்தை மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். சிந்திக்கத் தெரியவில்லை என்று இங்கே வந்து குறை வேறு சொன்னேன். அன்று நாங்கள் சாவியைப் பற்றிப் பேசவில்லை. எதிரில் ஒருவர் அழுதால் தனக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அந்தப் பெண்ணின் வீட்டில் யாரும் யார் முன்னாலும் அழமாட்டார்களாம்.

பிறகு பள்ளத்தூர்த் தங்கை சொன்னது போல் சாவிக்கு மூன்று விளக்கம் எழுதச் சொன்னேன். வீடு போனதை அவர் இன்னும் ஏற்கவில்லை என்பது முதலாவது, பாடத்திலிருந்து வந்தது. பங்காளிகள் எடுக்க முடியாத ஒன்று தம்மிடம் இருக்கிறது என்ற வீம்பு என்பது இரண்டாவது. மூன்றாவதற்கு நாற்பது நிமிடம் ஆனது. காப்பி இரண்டு முறை வந்து போனது. “கடைசியாகப் பூட்டிவிட்டு வர வேண்டியவர் அவர். பூட்டுவதற்குக் கதவு இல்லாததால் அந்த வேலை முடியவில்லை” என்று எழுதினார். எது சரி என்று நான் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது.

அடுத்த அமர்வில் அந்தப் பெண், “சாவி உங்களிடம் இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னீர்கள், நான் அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்” என்று தொடங்கியிருக்கிறார். பெரியவர் மடியிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாராம். ஒரு சாண் நீளம், துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தது. “நான் எதுவும் கேட்கவில்லை, ஆச்சி. மூன்று நான்கு நிமிடம் இரண்டு பேருமே பேசவில்லை. அவர் அழுதார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை” என்று சனிக்கிழமை வந்து சொன்னார்.

நானும் என் பழைய அமர்வு ஒன்றை எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். மூவரும் சேர்ந்து ஒன்பது இடம் கண்டுபிடித்தார்கள்; அதில் இரண்டை நான் ஒப்புக்கொள்ளவில்லை, இன்னும் வாதம் நடக்கிறது.

இப்போது வேறொரு சிக்கல். மூவரில் சமூகப்பணி படித்த பையன் கொண்டுவரும் வெர்பேட்டிம் மிகச் சுத்தமாக இருக்கிறது. கொத்தமங்கலத்திலிருந்து வரும் கொத்தனார் ஒருவர் அவர் தாளில் “என் தன்மதிப்புக் குறைந்துவிட்டதாக உணர்கிறேன்” என்று பேசுகிறார். மூன்றாம் பத்தியில் ஒவ்வொரு வரியிலும் “பரிவு ஏற்பட்டது” என்று இருக்கிறது. பொய் எழுதுகிறார் என்று சொல்ல மனம் வரவில்லை. அவருக்கு அப்படித்தான் காதில் விழுகிறதோ என்னவோ. அடுத்த வாரம் அவருடைய அமர்வு ஒன்றில், வருபவர் சம்மதித்தால், ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். இதை வேறு விதமாகக் கையாண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.